பெரிய வரப்பில் கிடைத்த பாதிச் சக்கரம்

ஹெட்போனின் பஞ்சில் இன்னும் உன் தலை எண்ணெய் வாசனை இருக்கிறது. கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சுவாயே, அந்த எண்ணெய். முகர்ந்ததும் எனக்கு அழுகை வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் வந்து மூக்குக்குள் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுகிறாளே என்று வந்தது.

போன மாதம் உன் மகன் மேலத்தெரு வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுக்க வந்தான். போகிற வழியில் எங்கள் வாசலில் காரை நிறுத்தி, ஒரு நீளப் பையையும் ஒரு பிஸ்கட் டின்னையும் இறக்கி வைத்தான்.

"அம்மா இதை உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி."

"எனக்கெதுக்குத் தம்பி இது?"

"எனக்கும் தெரியல ஆன்ட்டி."

நல்ல பிள்ளை. உன் வாய் அவனுக்கு வரவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். பைக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமலே தெரிந்தது. உன்னுடைய மெட்டல் டிடெக்டர். ஊரார் வைத்த பெயர் பீப்பீ மெஷின். அதைத் தூக்கி மருந்தடிக்கிற டேங்குக்குப் பக்கத்தில் மூலையில் சாத்தினேன். மூன்று நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் கோபம் போகவில்லை. நம் ஊரில் யார் செத்தாலும் கருமாதிக்குள் அவரை மகா நல்லவராக்கிவிடுவார்கள். உன்னை அப்படி ஆக்க நான் ஆளில்லை. நீ கேட்கிற இடத்தில் இல்லை என்பதால் இன்னும் வசதியாகத் திட்டலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உன் வீட்டுக்காரர் போய், பேங்க் வேலையையும் வயசுக்கு முன்னாலேயே விட்டுவிட்டு, சென்னை சலித்துவிட்டது என்று நீ ஊருக்கு வந்து பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தபோது, ஊரில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் கிடையாது. குத்தாலம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து நமக்கு ஒரே பெஞ்சு. பஸ்ஸில் ஒரே சீட்டு. நீ கணக்கில் எனக்குக் காட்டினாய், நான் தமிழில் உனக்குக் காட்டினேன். நீ பேங்க்குக்குப் போனாய், நான் அங்கன்வாடி டீச்சரானேன். முப்பது வருஷம் கழித்து வந்து, வாசலில் நின்று, "அஞ்சு, இருக்கியாடீ?" என்றாய். அஞ்சலையை அஞ்சு என்று கூப்பிட இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தாய். பிறகு வெளிநாட்டில் இருந்த மகனிடம் பொழுது போகவில்லை என்று புலம்பியிருக்கிறாய். மற்ற அம்மாக்கள் அப்படிப் புலம்பினால் பெரிய டிவி வரும். உனக்கு மண்ணுக்குள் இரும்பு தேடுகிற தடி வந்தது.

அறுப்பு முடிந்து, உளுந்தும் எடுத்து, வயல்கள் வெடித்துக் கிடக்கிற சித்திரை வெயிலில், தலையில் ஈரத்துண்டு, காதில் ஹெட்போன், கையில் தடி என்று நீ நடந்தாய். ஊரே வேடிக்கை பார்த்தது. "பேங்க்கம்மாவுக்கு மூளை காஞ்சுபோச்சு" என்றார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது யார்? இந்த அஞ்சலைதான். வேலை வெட்டி இல்லாதவள் மாதிரி.

என்ன கிடைத்தது உனக்கு? டிராக்டரின் கேஜ்வீல் போல்ட்டு. கதிர் அரிவாளின் உடைந்த முனை. பீர் பாட்டில் மூடிகள், அது மட்டும் கொள்ளை கொள்ளையாக. மாத்திரை அட்டை. ஒரு கொலுசுத் திருகாணி. உருப்படியாகச் சொல்வதென்றால் ஒரே ஒரு ஓட்டைக் காலணா. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தெருத் தெருவாகக் காட்டினாய்.

"இந்தக் குப்பையைப் பொறுக்கவா இவ்ளோ வெயில்ல சாகுற?" என்று கேட்டேன்.

"கிடைக்கிறது முக்கியமில்லடீ அஞ்சு. சத்தம் வருது பாரு, அதுலேருந்து தோண்டிப் பாக்குற வரைக்கும் ஒரு ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷம் உள்ள எது வேணாலும் இருக்கலாம்."

"நாத்து விட்ட நாள்லேருந்து அறுப்பு வரைக்கும் நாலு மாசம் நான் அப்படித்தான்டீ இருக்கேன். எனக்கு மெஷின் வேற வேணுமாக்கும்!"

விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கும் ஒருமுறை ஹெட்போனை மாட்டிவிட்டாய். முதலில் கொசு மாதிரி ஒரு இரைச்சல். ரெண்டு எட்டு வைத்ததும் திடீரென்று காதுக்குள் ஒருத்தி கூவினாள். தோண்டினால் துருப்பிடித்த ஆணி. "போடீ, இதுக்கா?" என்று ஹெட்போனைக் கழற்றி வீசினேன். ஆனால் தோண்டும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மூன்று மா நிலம், அந்த ஒரு ஏக்கர், ஒரு காலத்தில் உன் தாத்தாவினுடையது. உன் சித்தப்பா அதை விற்றபோது, என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் கம்பி கட்டிச் சேர்த்ததை வைத்து நாங்கள் வாங்கினோம். என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் கூலிக்கு நட்டு, களையெடுத்து, அறுத்த வயல். அதன் பெரிய வரப்பில் அவள் செருப்புக் காலோடு ஏறியதே இல்லை. உங்கள் மேலத்தெருக்காரர்கள் ஏற விட்டதும் இல்லை. பத்திரம் பதிந்த மறுநாள் அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிப் போட்டு அழைத்துப் போனேன். வரப்பு வந்ததும் பழக்கத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "போட்டுக்கம்மா, நம்ம வயலு" என்றேன். நாலு தடவை சொன்ன பிறகுதான் போட்டாள். இதெல்லாம் உனக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அன்றைக்கு நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பட்டா என் பேரில். ஊர் வாயில் மட்டும் அது இன்றைக்கும் மேலத்தெருக்காரங்க வயல்தான். நீ தடியும் கையுமாக அங்கே நடக்க ஆரம்பித்ததும் ரேஷன் கடையில் பேச்சு கிளம்பியது.

"அஞ்சலக்கா, ஒன் கூட்டாளி பாட்டன் பொதச்ச சொம்பத் தேடுது. ஒன்ன மண்வெட்டி தூக்க வச்சே ஒன் வயல்லேருந்து எடுத்துட்டுப் போயிடும் பாரு" என்றான், வரிசையில் நின்ற டிராக்டர் ஓட்டுகிறவன்.

"வாயக் கழுவுடா. அவ என் வயல்ல ஒரு பிடி மண்ண எடுக்கணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் எடுப்பா" என்றேன்.

அது உண்மை. ஒவ்வொரு முறையும் சத்தம் வந்ததும் நிமிர்ந்து, "தோண்டட்டுமாடீ?" என்று கேட்பாய். நான் தலையாட்டிய பிறகுதான் மண்வெட்டியை வாங்குவாய். அதை வைத்துத்தான் ஊர் முன்னால் உனக்கு ஜாமீன் நின்றேன்.

அந்த மார்கழியில் வயலெல்லாம் பயிர். தரிசு கிடையாது. உனக்குக் கை ஊறியது. காலையில் நீ மட்டும் போய் எங்கள் பெரிய வரப்பில் தடியை ஆட்டியிருக்கிறாய். முன்பு உன் தாத்தாவின் இஞ்சின் கொட்டகை இருந்த இடத்தில் மெஷின் கத்திய கத்தலில் மிரண்டு, அந்தப் பக்கம் போனவனிடம் மண்வெட்டியை வாங்கி நீயே தோண்டியிருக்கிறாய். என்னைக் கேட்கவில்லை. அரை முழ ஆழத்தில் கருப்பாக, வளைவாக, ஒரு விளிம்பு தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்தில் மண்வெட்டி டங்கென்று பட்டாலே சாமிதான். வளைவாக ஒன்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். மண்வெட்டி கொடுத்தவன், "திருவாசிடா! சாமிக்குப் பின்னால நிக்கிற திருவாசி!" என்று கூவிக்கொண்டு ஓடினான். நான் அங்கன்வாடியை அப்படியே ஆயாவிடம் விட்டுவிட்டு வருவதற்குள் முக்கால் ஊர் எங்கள் வயலில் நின்றது. வரப்பில் எத்தனை பேர் நிற்க முடியும்? மீதிப் பேர் பயிருக்குள் இறங்கிவிட்டார்கள். கதிர் பால் பிடித்திருந்த நேரம். நான் ஒவ்வொருத்தராகத் தோளைப் பிடித்துத் தள்ளினேன். "அட இரு அஞ்சல, சாமி வர்ற நேரத்துல நெல்லு நெல்லுங்குற" என்றாள் ஒருத்தி. தேங்காய் உடைத்தார்கள். சூடம் ஏற்றினார்கள். குலவைச் சத்தம். தபால்காரர் மனைவிக்குச் சாமி வந்து, "என்ன வெளியில எடுங்கடா" என்று ஆடினாள்.

வி.ஏ.ஓ. வந்தார். புதிதாக வந்திருந்த சின்னப் பையன். நோட்டை எடுத்துக்கொண்டு பொதுவாகக் கேட்டார்.

"நிலம் யாரோடதுங்க?"

நான் முழங்கால் சேற்றில் நின்றேன். வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொன்னாய்.

"எங்க வயல் சார். எங்க தாத்தா காலத்துலேருந்தே இங்க சாமி இருக்குன்னு சொல்லுவாங்க."

அவர் எழுதிக்கொண்டார். ஊர் முழுக்கக் கேட்டது. டிராக்டர்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் உன்னைப் பார்த்தேன். இப்போதாவது நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல சார், அஞ்சலை வயல்" என்பாய் என்று பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் கண்ணில் அந்த ரெண்டு நிமிஷம் இருந்தது.

குருக்கள் வந்து தண்ணீர் தெளித்த பிறகு நாலு பேர் சேர்ந்து நெம்பித் தூக்கினார்கள். வந்தது பாதிச் சக்கரம். உடைந்த ஆரக்கால், விளிம்பில் இங்கிலீஷ் எழுத்து. என் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. பழைய ஆயில் இஞ்சின் சக்கரம்." ஆடிக்கொண்டிருந்தவள் ஆட்டத்தை நிறுத்தி, உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அரை மாவுக்கு மேல் பயிர் சேற்றோடு சேறாகக் கிடந்தது.

நீயும் சிரித்தாய். கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "ரெண்டு நிமிஷம் இல்லடீ அஞ்சு, இன்னிக்கு ரெண்டு மணி நேரம்!" என்று என் கையைப் பிடிக்க வந்தாய். நான் உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் வந்தாய். மூன்றாம் நாளும் வந்தாய். நான் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தேன், நிமிரவில்லை.

"நெல்லு போச்சேன்னுதானா இவ்ளோ கோவம்?"

"ஆமா."

"தப்புதான்டீ. கூட்டம் இப்படி வரும்னு நான் நினைக்கல."

"சரி. போயிட்டு வா."

நெல்லுக்காகவாம்! நெல்லு போகாத வருஷம் எது? புயலில் போயிருக்கிறது, மழையில் போயிருக்கிறது, தண்ணீர் வராமல் போயிருக்கிறது. அதற்கெல்லாம் நான் யாரிடம் பேசாமல் இருந்தேன்? எத்தனை படித்தவள், எத்தனை பேருடைய கையெழுத்தைச் சரிபார்த்தவள், நீ சொன்ன ஒரு வார்த்தை உனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர், "என்னான்னு சொல்லித் தொலையேன் அந்தம்மாகிட்ட" என்றார். "அவளுக்கே தெரியணும்" என்றேன். உனக்குத் தெரியவே இல்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஒரே ஊரில், ஒரே பஸ்ஸில், முன் சீட்டில் நீ, பின் சீட்டில் நான்.

அப்புறம் உனக்கு உடம்பு முடியாமல் போய், மகன் வந்து சென்னைக்குக் கூட்டிப்போனான் என்று கேள்விப்பட்டேன். கார்த்திகையில், எல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து, பால்காரர் சொல்லித்தான் நீ போனது தெரியும். கறந்த பாலை அளந்து ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் மகன் வந்து போன நாலாம் நாள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தருகிற சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கவர்கள், அவற்றுக்குள் நீ கண்டெடுத்த அத்தனை குப்பையும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. பேங்க் கையெழுத்தில் தேதி, இடம், பொருள். கோயில் திடல், மூடி நாலு. வாய்க்கால் கரை, அரிவாள் முனை. அஞ்சலை வயல், தென்மூலை, போல்ட்டு. அஞ்சலை வயல், ஆணி. அஞ்சலை வயல், அஞ்சலை வயல் என்று பதினாறு சீட்டு. நீ தடியை எடுத்த முதல் மாதத்திலிருந்தே அப்படித்தான் எழுதியிருக்கிறாய்.

ஒரு கவரில் பொருள் எதுவும் இல்லை, ஒரு செதில் துரு மட்டும். சீட்டில் அந்த மார்கழித் தேதி. "அஞ்சலை வயல், பெரிய வரப்பு. இஞ்சின் சக்கரம், பாதி. சாமி என்று நினைத்தோம்."

அடிப் பாவி! அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காக எழுதத் தெரிந்தவளுக்குக் காலையில் சொல்லத் தெரியவில்லையா? எழுதியதை நான் ஒருத்தி பார்த்தேன், அதுவும் நீ செத்த பிறகு. சொன்னதை ஊரே கேட்டது. இந்தச் சீட்டைக் கொண்டுபோய் ரேஷன் கடை வாசலில் ஒட்டட்டுமா? டின்னை மூடி வைத்தேன். அன்று நான் சோறு வடிக்க மறந்ததில் என் வீட்டுக்காரர் கடையில் பரோட்டா வாங்கி வந்தார்.

இப்போது வைகாசி. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாள் இருக்கிறது. மூன்று வாரமாக நான் தினமும் உன் தடியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறேன். சிரிக்காதே. பேட்டரி எப்படிப் போடுவது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று வாரத்தில் கிடைத்தது ரெண்டு போல்ட்டு, ஒரு சாராயப் பாட்டில் மூடி, குடையின் கம்பி. பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள், "என்னக்கா, ஒனக்கும் புடிச்சுக்கிச்சா?" என்று. என் வீட்டுக்காரர், "போல்ட்டு வேணும்னா கும்பகோணத்துல கிலோ கணக்குல வாங்கித் தரேன், வீட்டுக்கு வா" என்கிறார்.

இது நல்ல பொழுதுபோக்கு என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நீ சொன்னது என்பதாலேயே வரவில்லை. ஆனால் ஹெட்போனை மாட்டியதும் அவர் கூப்பிடுவது கேட்பதில்லை. ஊர் பேசுவதும் கேட்பதில்லை. இருபது வருஷமாக நான் பயிரைத்தான் பார்த்திருக்கிறேன், பூச்சி இருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று. வயலை இவ்வளவு மெதுவாக, வேலை எதுவும் இல்லாமல், சும்மா நடந்து பார்த்ததே இல்லை. சத்தம் வந்ததும் நானும் நிமிர்ந்து பக்கத்தில் பார்க்கிறேன், கேட்க ஆள் இல்லை. தோண்டிவிடுகிறேன். உள்ளே எதுவும் இருக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் தோண்டுகிறேன். இருந்தாலும் அந்த ரெண்டு நிமிஷம், நீ சொன்னது சரிதான். போதுமா? வேறு எதிலும் நீ சொன்னது சரியில்லை.

ஒன்று மட்டும் இன்னும் எழுதவில்லை. திட்டிக்கொண்டே போனால் அதை எழுதாமல் தப்பிவிடலாம் என்று பார்த்தேன்.

நீ போவதற்கு முந்தின மாதம், ஐப்பசியில், போன் பண்ணினாய். புது நம்பர், அதனால்தான் எடுத்தேன். உன் குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு மெலிந்திருந்தது.

"அஞ்சு, ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டீ. பாக்கணும் போல இருக்கு."

"எப்படி வர்றது? நடவு நடக்குது."

"ஓ. எத்தனை ஆள் வச்சிருக்க?"

"பதினெட்டு."

"மழை வர்றதுக்குள்ள முடிச்சிடு. முடிச்சுட்டு வா, என்ன?"

"பாக்கலாம்."

போனை வைத்துவிட்டேன். உனக்கு வயல் வேலை தெரியாதா என்ன, நம்பிவிட்டாய். முடிச்சுட்டு வருவாள் என்று எத்தனை நாள் பார்த்துக்கொண்டு இருந்தாயோ எனக்குத் தெரியாது. உன் மகனிடம் கேட்க வாய் வரவில்லை.

நடவு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.